படத்தில் இல்லாத ஆறு

இடைவேளை விளக்கு எரிந்ததும் நண்பன் என் பக்கம் திரும்பி, "ஏலே, இனிமேத்தான வரும் அந்த ஆறு?" என்றான். நான் வெற்றுத் திரையைப் பார்த்தபடி தலையசைத்தேன். வராது என்று எனக்குத் தெரியும். இந்தப் படத்துக்கு மூலமான நாவலிலேயே அந்த ஆறு கிடையாது.

எங்களுக்கு இருபது வயது நடக்கும்போது இவன் மேலப்பாளையத்திலிருந்து சவூதிக்குப் போனான். கடிதத்தைவிடக் கேசட்டை நம்பிய காலம். லீவு முடிந்து திரும்புகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் அவன் வீட்டாரின் பேச்சு: உம்மாவின் இருமல், ஆடு குட்டி போட்டது, யாருக்கு நிக்காஹ். மறுபக்கம் என்னுடையது. வாரப் பத்திரிகையில் வந்த மாயக்கதைத் தொடரை வாசித்துப் பதிவுசெய்வேன். எழுத்துக்கூட்டி வாசிக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. கடலடியில் போன நாடு, இறகு முளைத்த குதிரைகள், மலைக்கோட்டையில் தனியே நிற்கும் காவலன். பாலையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம்.

அந்த ஐப்பசியில் அவனுடைய உம்மா இறந்துபோனார். பாஸ்போர்ட் முதலாளியிடம். லீவு இல்லை. மூன்றாம் வாரம் ஒருவர் ஊரிலிருந்து புறப்பட்டார். வீட்டார் தங்கள் பக்கத்தை அழுது நிரப்பிக் கொடுத்தார்கள். நான் பதிவுசெய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஆறுதல் என்று ஒரே ஒரு சொல்கூட வரவில்லை. பத்திரிகையை மூடிவைத்தேன். பிறகு, அதைப் பார்த்து வாசிப்பதுபோலவே சொன்னேன்: காவலனின் தாய் இறந்த செய்தி வருகிறது. கோட்டையை விட்டு இறங்க அவனுக்கு உத்தரவில்லை. அன்று அந்தியில், கீழே ஓடும் ஆறு படுகையிலிருந்து எழுந்து, பாறை பாறையாக மலையேறி வந்து, அவன் பாதங்களை நனைத்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

வழக்கமாக, கேட்ட கேசட்டின்மேலேயே பேசித் திருப்பி அனுப்புவான். அதை மட்டும் அனுப்பவில்லை. ஊர் வரும்போதெல்லாம், "அத எழுதுன கையக் கண்ணுல ஒத்திக்கிடணும்லே" என்பான். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் டீ சொன்னேன்.

அந்தத் தொடர் நாவலாகி, இப்போது படமாகவும் வந்திருக்கிறது. குதிரைகள் அழகாகவே பறந்தன. காவலன் இரண்டு நிமிடம் வந்து, அம்பு பட்டு விழுந்தான். ஆறு கீழேயே ஓடியது. எல்லோரும் போன பிறகும் இவன் எழுந்திருக்கவில்லை. பெருக்க வந்தவர், "அண்ணாச்சி, அடுத்த காட்சிக்கு ஆள் நிக்காவ" என்றார். இவனுடைய நரைத்த தாடி நனைந்திருந்தது.

வெளியே வெயிலுக்கு வந்ததும் கோபமாகிவிட்டான். "வெட்டிட்டானுவ பாத்தியா? குதிரயப் பறக்கவிடத் துட்டு இருக்கு, ஒரு ஆத்த மேல ஏத்த இல்ல! அந்தப் புஸ்தகத்த இப்பமே வாங்குதேன். அந்தப் பக்கத்த மடிச்சு டைரக்டருக்கே அனுப்புதேன்."

புத்தகக்கடை எதிர்ச்சாரியில் இருந்தது. சாரத்தை மடித்துக்கட்டிச் சாலையில் இறங்கியவனின் கையைப் பிடித்தேன்.

"அதுல இருக்காது."

"எதுல?"

"புஸ்தகத்துல. அது அந்த வாரம் நானா சொன்னது."

"போலே" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"எழுதுன மனுசனுக்குன்னு ஒவ்வொரு நோம்புக்கும் அல்லாட்ட துஆ கேட்டிருக்கேன். முப்பது வருசமா. நீ பக்கத்துல இருந்து டீ குடிச்சிருக்க."

எங்களை ஒதுங்கச் சொல்லி ஒரு பேருந்து அலறிப் போனது. கையை உருவிக்கொண்டான். ஆனால் போகவில்லை.

"ஆறு எதுக்குலே வந்துச்சி? ஒனக்கு அது எங்கன கெடச்சுது?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருடம் சொல்லவில்லை.

"உம்மாவ அடக்குன அன்னைக்கு அடமழ. மையவாடில குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறிச்சி. சட்டியால மோந்து மோந்து ஊத்துனோம். நிக்கல. அத ஒங்கிட்டச் சொல்ல முடியல மக்கா. வேற மாதிரிச் சொன்னேன்."

தண்ணீர் ஊறியதை அவன் வீட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை. அது அவன் நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

"ஒடம்பு நனைஞ்சுதா?"

"இல்ல. ஆத்து மணலக் கொட்டி ஒசத்தி, பொறவுதான் எறக்குனாவ. நனையல."

"இதுவும் நீயா சொல்லுததா?"

அடி வாங்கியதுபோல் இருந்தது. கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது.

"மணல் கூடைய நான்தான் சுமந்தேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பூட்டிக்கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து பக்கத்து இடத்தைத் துடைத்துவிட்டான்.

"அன்னைக்குக் காலம்பற இருந்து சொல்லு. பைய."

வாசிக்கிற குரல் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.