வெள்ளச்சியும் நாலு தேளிக் குட்டியும்

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீன் தொட்டிக் கடைக்குள் கால் வைத்ததுமே அந்த வாடை வந்தது. பாசி, ஈரக் கூழாங்கல், மீன் தீனி எல்லாம் கலந்த வாடை. மற்றவர்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும். எனக்கு என் முதல் வேலை ஞாபகம் வந்துவிடும். கூட வந்தவள் சுமதி. இருபது வயதில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோ முதலாளியின் மகள். சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய சின்னப் பெண்ணுக்கு ஒரு வெள்ளைத் தவளை வேண்டுமாம்.

"தவளை மட்டும் இன்னாத்துக்கு? ரெண்டு கெளுத்திக் குட்டியும் போட்டுக்கோங்க. கீழ விழுற தீனியெல்லாம் துன்னுட்டு தொட்டிய சுத்தமா வெச்சிக்கும்" என்றார் கடைக்காரர்.

"ஐயய்யோ, அது மட்டும் வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் வலையைக் கீழே போட்டுவிட்டார். சுமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த ஸ்டூடியோவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலில் நின்றால் ராஜா கோட்டை மலை முழுசாகத் தெரியும். உள்ளே வந்தால் காஷ்மீர் ஏரி வரைந்த திரை. ஒருத்தராவது கோட்டை முன்னால் நிற்க வைத்துப் படம் எடுங்கள் என்று கேட்டதில்லை, எல்லாருக்கும் காஷ்மீர்தான். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் போய்விட்டுத் திரும்பும் கூட்டம் மொட்டை போட்ட குழந்தைகளோடு வரும். சந்தனத் தலையோடு வீறிடும் குழந்தையைக் காமிரா பக்கம் திருப்ப எங்களிடம் இருந்த ஒரே வழி வெள்ளச்சி.

வெள்ளச்சி சுமதி வளர்த்த தவளை. பால் நிறம், சிவந்த கண், எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். கண் பார்வை மட்டம். எது அசைந்தாலும் இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்துக்கொள்ளும், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவர் மாதிரி. சுமதி கல்யாணமாகிப் போகும்போது, "வெள்ளச்சிய பாத்துக்கோப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள். அதிலிருந்து தினமும் மத்தியானம் அவளிடமிருந்து போன் வரும். அப்பாவும் மகளும் பேசுவது பாதி வெள்ளச்சியைப் பற்றித்தான்.

சுமதியின் அப்பா, எங்கள் சார், வாய் திறந்தால் திட்டுதான். டீ சிந்தினால், திரை சுருங்கினால், "ஏம்மா, கண்ணு பொடனியிலயா இருக்குது?" அந்தத் தவளையிடம் மட்டும் குழைவார். ஒருநாள் தொட்டி முன்னால் நின்று, "உனக்கும் தொணை இல்ல, எனக்கும் தொணை இல்ல" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்து தொலைத்தது.

அந்தக் கோடையில் தொண்டூரில் எங்கள் ஏரி வற்றியது. வற்றினால் ஊரே சேற்றில் இறங்கிவிடும். எங்க நைனா ஒரு தூக்கு நிறையத் தேளி பிடித்து வந்தார். கெளுத்தி ஜாதிதான், ஆனால் தேளி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? செவுளுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் விஷ முள். குத்தினால் தேள் கொட்டின மாதிரி கடுக்கும். முள்ளை ஒடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் ஆயவே ஆரம்பிப்பார்கள். இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? விரல் நீளத்தில் நாலு குட்டியை, அழகாக நீந்தட்டும் என்று முள்ளோடு கொண்டுபோய் வெள்ளச்சிக்குத் துணையாக விட்டேன். மனுஷன் கையைக் குத்தும் என்று தெரிந்த புத்திக்கு, தவளைக்கும் தொண்டை இருக்கிறது என்று தோன்றவில்லை பாருங்கள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வெள்ளச்சி வாயில் ஒரு வால் துடித்துக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாயோரம் ரத்தம். சாரைக் கத்திக் கூப்பிட்டேன்.

"யாருமா போட்டது?" என்றார் சார்.

"நான்தான் சார். ஐயோ, இழுக்காதீங்க! இழுத்தா முள்ளு குடை மாதிரி விரிஞ்சிக்கும்."

ஈரத்துணியில் வெள்ளச்சியை ஏந்தினார். நகவெட்டியை எடுத்து, வாயோரம் துருத்திய முள்ளை ஒரு பக்கம் வெட்டினார். மறுபக்க முள் அவர் கட்டைவிரலில் ஏறியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிற மனுஷன், மூச்சு விடவில்லை. கத்தினால் கை அசையும், கை அசைந்தால் அவள் தொண்டை கிழியும். முகம் கறுத்து, வேர்த்துக் கொட்ட, அந்த முள்ளையும் வெட்டி மீனை மெல்ல உருவி எடுத்தார்.

நான் டீக்கடைக்கு ஓடி வெந்நீர் வாங்கி வந்து அவர் கையை அதில் வைக்கச் சொன்னேன். அப்போது போன் அடித்தது. சுமதி. "அவளுக்கு இன்னா, ஜம்முனு இருக்கிறா" என்றார், கை வீங்கிக்கொண்டிருக்க.

மூன்று நாள் அவரால் காமிராவைப் பிடிக்க முடியவில்லை. என்னைத் தொடவே விடாத காமிராவை என்னிடம் கொடுத்தார். நான் தொழில் கற்றது அப்படித்தான். மூன்றாம் நாள் வெள்ளச்சி ஒரு மண்புழுவைத் தின்றாள். நான் அழுதேவிட்டேன். மீதி மூன்று தேளியும் முள் ஒடிந்து எங்கள் வீட்டுக் குழம்புக்குப் போயின. ஒரு வார்த்தைகூட, ஒரே ஒரு வார்த்தைகூட, சார் என்னைத் திட்டவில்லை. மகளிடமும் மறைத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன வாரம் அந்த மீன் தொட்டிக் கடையில் வைத்துச் சுமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள். "நீ வீட்டுக்குப் போனதும் அப்பா திரும்ப போன் பண்ணாரு. 'அந்தப் பொண்ணு பாசத்துல போட்டது. நீ எதுனா கேட்டுடாத, வேலைய வுட்டு நின்னுடும்'னாரு."

வெள்ளச்சி அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்து போனாள். போன வருஷம் சாரும் போய்ச் சேர்ந்தார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். காஷ்மீர் திரை எங்கே போனதென்று சுமதிக்கும் தெரியவில்லை.

தவளையை மட்டும் வாங்கினோம். கடைக்காரர் கொடுத்த பையை வாங்கும்போது என் கை தடுமாறி, மேஜையெல்லாம் தண்ணீர். "பரவால்ல மேடம்" என்றார் அவர். கண்ணு பொடனியிலயா இருக்குது என்று யாராவது கேட்பார்களா என்று ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன்.