வெற்றிலை வாங்கியவர்களின் வக்கீல்

வக்கீல் நல்லதம்பி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் பஸ் கண்டக்டர். நாமக்கல்லிலிருந்து வந்த வண்டி மலைமேல் எங்கள் ஊரில் நின்றதும், "அம்மாயி, உங்க வக்கீல் போயிட்டாருங்க. கோர்ட்டு மதில்ல படம் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்குது" என்றார். காரியத்துக்குப் போனபோது, அவர் மூலம் வழக்கு நடத்தியவர்கள் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று அவருடைய ஜூனியர் வக்கீலம்மா கேட்டார். நான் ஐந்தாவது வரை படித்தது அதற்குப் போதும். படிக்கப்போகிற நீங்கள் எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள். அதனால் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

அவர் விபத்து வழக்குகளை மட்டுமே எடுப்பார். எங்கள் வழக்கு தொண்ணூற்றேழில் நடந்த விபத்துக்காக. என் மகள் வயிற்றுப் பேத்தி பூங்கொடி மிளகு மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் ஓரமாக நின்றிருந்தாள். பலாப்பழ லாரி ஒன்று ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னோக்கி வந்து அவள் காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பேசியவர்கள் பிறகு வரவில்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. லாரி ஓட்டிய பழனிச்சாமி திருப்புலி நாட்டுக்காரர். நாங்கள் எடப்புளி நாடு. இரண்டு நாட்டுக்கும் பெண் கொடுத்து எடுக்கிற வழக்கம் உண்டு. ஆகவே பெரியவர்கள் கோயிலில் கூடி, அவர் வீட்டார் நீட்டிய வெற்றிலையை எங்களை வாங்க வைத்தார்கள். வாங்கிவிட்டால் பகை இல்லை, பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு கோர்ட்டுக்குப் போவது சாமிக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்து வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தோம். பூங்கொடி கம்பை ஊன்றி நடந்தாள். செயற்கைக் கால் வைத்துக் கொடுக்க எங்களுக்கு வழியில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர்தான் நல்லதம்பியைப் பார்க்கச் சொன்னார். வெற்றிலை வாங்கியதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஊரில் ஆளாளுக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்கள். அவர் முன்னால் உட்கார்ந்ததும் நான் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"ஏனுங்க, நாங்க சாமி முன்னால வெத்தலை வாங்கிட்டமுங்க. இனிக் கேக்கலாமுங்களா?"

"வெத்தலை கொடுத்தது யாருங்க?"

"டிரைவரு ஊட்டுக்காரங்க."

"லாரி ஓனரு கோயிலுக்கு வந்தாருங்களா?"

"அவரு எங்கீங்க வாராரு. கார விட்டு எறங்குனா காலுல மண்ணு ஒட்டிக்குமே."

"அப்ப அவருகூட உங்க பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களேம்மா."

வெற்றிலைச் சங்கதியை மறைத்துவிடலாமா என்று என் மருமகன் கேட்டார். நல்லதம்பியின் முகம் மாறிப்போனது. மறைப்பதாக இருந்தால் வேறு வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "மன்னிக்கிறது உங்க மனசுங்க. கேக்கறது உங்க உரிமை. அது இருந்தா இது போயிரும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லீங்க" என்றார்.

இடத்தைப் பார்க்காமல் வழக்குப் போட மாட்டார். பஸ்ஸில் வந்தவருக்கு வளைவுகளில் வயிற்றைப் புரட்டி, பாதி வழியில் இறங்கி, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்சத்தை நடந்தே வந்து சேர்ந்தார். எலுமிச்சம்பழம் கொடுத்தேன். முகர்ந்துகொண்டே, "உங்க ரோட்டு மேலயே ஒரு கேஸ் போடலாமுங்க" என்றார். அவர் தமாஷ் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். பிறகு வளைவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து போகிற வருகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி பின்னோக்கி வர வேண்டிய இடத்தில் கிளீனர் குதித்து இறங்கி, கையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையோடு "வரட்டும், வரட்டும்" என்று கத்துவார். எங்களுக்கு அது அன்றாடம் பார்க்கிற காட்சி. விபத்தன்று அந்த லாரியிலிருந்து இறங்கியது யார் என்று அவர் கேட்ட பிறகுதான், யாருமே இறங்கவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

கோர்ட்டில் ஓனர் தரப்பு, லாரியில் கிளீனர் இருந்தார், பெண்தான் குறுக்கே ஓடி வந்தாள் என்றது. நிஜத்தைச் சொல்லக்கூடியவர் பழனிச்சாமி ஒருவர்தான். அவரோ அதே ஓனரிடம் சம்பளம் வாங்குகிறவர். நாங்கள் போய் அவரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்றதற்கு நல்லதம்பி கூடவே கூடாது என்றுவிட்டார்.

முதலில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். வெற்றிலை வாங்கிச் சமாதானமாகிவிட்டீர்கள்தானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "ஆமாங்க, வாங்கினமுங்க. இன்னைக்கும் அவங்க ஊட்டுல கை நனைப்பமுங்க" என்றேன். என் மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லதம்பி எழுந்து, அந்த வெற்றிலையை நீட்டியவர்களில் ஓனர் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பழனிச்சாமி ஏறினார். கிளீனர் இருந்தாரா என்று அவரைக் கேட்டார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்லீங்க. ஆள் வேணும்னு கேட்டனுங்க, ஓனர் அனுப்பலீங்க. அந்தப் புள்ள ஓரமாத்தான் நின்னுச்சு."

அதோடு அவருக்கு அந்த வேலை போயிற்று. பகையாகவே இருந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று நல்லதம்பியைக் கேட்டேன். "அது எனக்கும் தெரியாதுங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வக்கீல்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பூங்கொடிக்குக் கால் வைத்தோம். இன்று பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். அவள் நடந்து வருவதைப் பார்த்தால் வைத்த கால் எது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

தீர்ப்பன்று கும்பிடப் போனேன். "கும்புடாதீங்கம்மா. கோர்ட்டு தானம் பண்ணலீங்க, உங்களுக்குச் சேர வேண்டியதைத்தான் குடுத்துருக்குது. இனி அந்த ஓனரு கிளீனர் இல்லாம மலைக்கு லாரி அனுப்ப மாட்டாரு. எனக்கு அது போதுமுங்க" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது.

அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. சமாதானமாகப் போனவளும் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கலாம் என்று அவர் கொடுத்த தைரியம்தான் இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒருத்தியின் வீட்டுக்காரர் போன மாதம் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார். டிரைவர் வீட்டார் வெற்றிலை கொண்டுவந்தார்கள், அவளும் வாங்கிக்கொண்டாள். வருகிற திங்கட்கிழமை அவளை அழைத்துக்கொண்டு ஜூனியர் வக்கீலம்மாவிடம் போகிறேன். வெற்றிலை வாங்கியதைச் சொல்லாதே என்று அவளுக்கும் ஊரில் நாலு பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். "போனதும் மொதல்ல அதைச் சொல்லு கண்ணு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.