பால் காய்ச்சிய நாளில் ஓர் ஆந்தை

நாங்கள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பியில் வீடு வாங்கியபோது சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். மற்றப் பாதிப்பேர் ஏன் என்று கேட்டார்கள். வழியில் உள்ள அஜக்ஸ் வரைக்கும் போகலாம், அதற்கு அங்கால் குடிபோனால் நல்லது கெட்டதுக்கு ஆள் வராது என்பது அப்போது நிலவிய கருத்து. அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் அதுவரை இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், மேல்வீட்டுக்காரர் நடப்பதும் கீழ்வீட்டுக்காரர் மீன் பொரிப்பதும் எங்கள் வீட்டு விஷயங்களாகவே இருந்தன. அங்கே இருந்த காலமெல்லாம் அம்மா ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். தலைக்கு மேலே சொந்தக் கூரை வேண்டும்.

பால் காய்ச்சுகிற நாளன்று காலையில் அந்தக் கூரையில்தான் ஆந்தை வந்து இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தை மாதத்துக் குளிர். எங்கள் தெருவில் பல வீடுகள் இன்னும் கட்டி முடியவில்லை. தெரு போய் முடிகிற இடத்தில் வெறும் வயலும் அதன்மேல் பனியும் கிடந்தன. குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்த அம்மா, இறங்கியதும் ஆசையோடு வீட்டை நிமிர்ந்து பார்த்தார். அப்படியே முகம் செத்துப்போனது. கூரையின் உச்சியில், பால்வெள்ளை உடம்பில் மண்ணிறக் கோடுகளோடு, கைக்குழந்தை அளவில் ஒன்று குந்தியிருந்தது. உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி, மஞ்சள் கண்ணால் எங்களைப் பார்த்தது. பார்க்கத் தகுந்த ஆட்கள் இல்லை என்று கண்டதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது.

"இஞ்சேருங்கோ, ஆந்தை!" என்றார் அம்மா.

"வெள்ளையாத்தானே இருக்கு. உது வேறை ஏதும் குருவியா இருக்கும்," என்றார் அப்பா.

"வெள்ளையா இருந்தால் ஆந்தை கிளியாயிடுமே?"

ஆந்தை வந்திருந்த வீட்டில் ஆட்கள் நிலைக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. இந்த வீடாவது நிலைக்க வேண்டும் என்று ரொறன்ரோவில் உள்ள கோயில்களிலெல்லாம் நேர்த்தி வைத்தவர் அவர். உடனே கைப்பேசியை எடுத்து மாமாவைக் கூப்பிட்டார். மாமா அவருடைய ஒரே தம்பி. "தம்பி, கெதியா வா. கூரையில ஒரு சனியன் வந்து குந்தியிருக்கு. சனங்கள் வரமுன்னம் கலைக்கவேணும்." மாமா ஊரில் கல்லெறிந்து மாங்காய் விழுத்துவதில் பேர்போனவராம். அங்கே பெற்ற மற்றத் தகைமைகளைப் போலவே அதற்கும் கனடாவில் வேலை கிடைக்கவில்லை. உற்சாகமாகப் புறப்பட்டவரை 401 நெடுஞ்சாலையில் நெரிசல் பிடித்துக்கொண்டது.

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. காரிலிருந்து ஒரு சட்டியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு முற்றத்துப் பனியில் இறங்கினார். அப்போதுதான் எதிர்ப்பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கண்டோம். வயதான வெள்ளைக்காரி. சிவப்புத் தொப்பி. மூன்று கால்களில் நிறுத்திய தொலைநோக்கியை நேரே எங்கள் வீட்டுக்குத் திருப்பி வைத்திருந்தார்.

"உந்த மனுசி ஏன் எங்கட வீட்டைக் குழாய் வைச்சுப் பாக்குது?" என்று அம்மா கேட்டார். அவருடைய குரலில் பயம் இருந்தது. யாராவது தூர நின்று வீட்டைப் பார்த்தால் அம்மாவுக்கு எப்போதும் அப்படித்தான்.

அம்மா அகப்பையால் சட்டியைத் தட்டப்போவதைக் கண்ட பெண்மணி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, வாயில் விரலை வைத்து, வழுக்கும் தெருவைக் குறுக்கறுத்து ஓடி வந்தார். அப்பா சாமிப் படங்களை இறக்கக் காருக்குப் போய்விட்டார். இக்கட்டான வேளைகளில் அவருக்கு இறக்குவதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். ஆகவே மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அம்மா, உது பனி ஆந்தையாம்," என்று தொடங்கினேன்.

"பனை ஆந்தையோ? இஞ்ச எங்க பனை?"

"பனை இல்லை, பனி. ஸ்னோ."

"பனையோ பனியோ, ஆந்தை ஆந்தைதான். வந்தது ஏனெண்டு கேள்."

பெண்மணி நீளமாகச் சொன்னார். அது வடக்கே, மரமே இல்லாத பனிப் பாலைவனத்திலிருந்து வருகிறது. மாரியில் இந்த வாவிக்கரை வயல்களில் எலி பிடித்துப் பிழைக்கிறது. போன மாரியில் எங்கள் தெருவும் வயலாகத்தான் இருந்தது. தெருமுனையில் மிஞ்சிய வயலையாவது கட்டாமல் விடுங்கள் என்று அவரும் பறவை பார்க்கும் நண்பர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் நெருங்கி நெருங்கிப் போய் இந்தக் கிழமை முழுவதும் அதைப் பறக்க வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் பலம் குறைகிறது. பாதிக்குமேல் எனக்குத் தமிழில் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி இருந்ததே தவிர ஆந்தையின் வாழிடம் இருக்கவில்லை. தெரிந்த சொற்களை வைத்துச் சமாளித்தேன்.

"உது முந்தி அது இருந்த இடமாம். இப்ப வேறை ஆக்கள் வீடு கட்டிப்போட்டினமாம். திரும்பி வந்து பாக்குதாம். எங்க போய் இருந்தாலும் ஆக்கள் கலைக்கினமாம். அதுக்குக் களைப்பாம்."

"திரும்பி வந்து பாக்குது" என்று அந்தப் பெண்மணி சொன்னாரா, நானாகச் சேர்த்தேனா என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அம்மா அகப்பையைத் தாழ்த்தினார். அதற்கு முந்தின வருடம்தான் அவர் ஊருக்குப் போய் வந்திருந்தார். பிறந்த வீடு போரில் ஆமி பிடித்துவைத்த வலயத்துக்குள் இருந்ததாம். முள்ளுக்கம்பிக்கு வெளியே தெருவில் நின்று பார்த்தாராம். ஓடு தெரிந்ததாம். ஓர் ஆமிப் பொடியன் துவக்கோடு வந்து, இங்கே நிற்கக்கூடாது, போ என்று கையைக் காட்டினானாம். "என்ர வயசில பாதிகூட இருக்காது, என்னை மாடு கலைக்கிறமாதிரிக் கலைக்கிறான்" என்று, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அம்மா நடித்துக் காட்டிச் சிரிப்பார். நானும் அதைச் சிரிப்புக் கதை என்றே நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "சரி, இருக்கட்டும்," என்றார். வெள்ளைக்கார மனுசிக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

பெண்மணிக்கு ஒரு வேண்டுகோள் மிச்சம் இருந்தது. இது இங்கே இருப்பதை யாருக்கும் சொல்லக்கூடாது, தெரிந்தால் கமராக்காரர்கள் படையெடுத்து வருவார்கள்.

"ஐயோ, நான் ஏன் சொல்லப்போறன்?" என்று அம்மா பதறினார். பால் காய்ச்சிய வீட்டில் ஆந்தை என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் என்ன கதைப்பார்கள்! "செத்தாலும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

என் அம்மா இறந்தாலும் இந்த இரகசியத்தை வெளியிட மாட்டார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பெண்மணி நெஞ்சில் கையை வைத்தார். கண் கலங்கிவிட்டது. பறவைகள்மேல் இவ்வளவு பற்றுள்ள ஒருவரை அவர் அதற்குமுன் சந்தித்ததில்லையாம். இருவரும் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

விருந்தாளிகள் வரத் தொடங்கியதும் அம்மா எல்லோரையும் கராஜ் வழியாக உள்ளே அனுப்பினார். கார்களைத் தூரத்தில் நிறுத்தச் சொன்னார். வாசலில் தேங்காய் உடைக்கவில்லை. "புதுவீட்டுக்குக் கராஜுக்குள்ளாலயோ வாறது?" என்று ஓர் அன்ரி கேட்டார். "முன்வாசல் வழுக்குது" என்றார் அம்மா. முன்வாசலுக்கு அப்பா அதிகாலையிலேயே வந்து வழுக்காமல் இருக்க உப்புப் போட்டிருந்தார் என்பதை நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு தடவை அம்மா மேல்மாடிக்குப் போய் வந்தார். யன்னலால் எட்டிப் பார்த்தால் கூரையின் ஓர் ஓரம் தெரியும். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

மாமாவை வரச் சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

பால் அடுப்பில் ஏறிய பிறகு முன்கதவு படாரென்று திறந்தது. மாமா நின்றார். கையுறை முழுக்கப் பனி. மாங்காய்க் காலத்து மகிழ்ச்சி முகத்தில்.

"அக்கா, உங்கட சனியன் போயிட்டுது! ரெண்டே ரெண்டு பனிக்கட்டிதான்."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பினார். "ஆர் கலைச்சது?"

"நான்தான். நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"ஓம், சொன்னனான்," என்றார் அம்மா மெதுவாக. "எந்தப் பக்கம் போனது?"

"லேக் பக்கமாப் போனமாதிரி இருந்துது."

"அங்க இருக்கிறதுக்கு இடம் இருக்குமோ?"

மாமா சிரித்தார். "என்னக்கா, இது கனடா. இடத்துக்கு இஞ்ச என்ன குறை?"

என்ன சனியன் என்று சனம் கேட்பதற்குள் பால் பொங்கி வழிந்தது. புகைமணி அலறியது. அப்பா கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார். எல்லோரும் கைதட்டி, நல்ல பக்கமாகத்தான் பொங்கியிருக்கிறது, இனி இந்த வீட்டில் ஒரு குறையும் வராது என்றார்கள். அம்மா மட்டும் அடுப்படியில் அசையாமல் நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை.

"சந்தோசத்தில அழுகிறா," என்றார் கராஜ் வழியாக வந்த அன்ரி. "பின்னை, சொந்த வீடெல்லே!"

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு அந்தக் காலைநேரத்துப் பயம் இன்னும் முழுவதும் போகவில்லை போலும் என்று நினைத்தேன். கிட்டப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "பயப்பிடாதேங்கோ அம்மா. அது இனித் திரும்பி வராது," என்று ஆறுதல் சொன்னேன்.