வாய் நனைத்துப் போனவர்கள்

பின்னுக்குச் சுவர் இல்லாத கதிரையில் நான் இன்றைக்கும் இருக்கமாட்டேன். கலியாண வீடாக இருந்தாலும் சரி, படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூட்டமாக இருந்தாலும் சரி, உள்ளே போனவுடன் என் கண் சுவரைத்தான் தேடும். "நீ சுவரைக் கட்டியிருக்கவேணும், என்னை ஏன் கட்டினனி?" என்று என் கணவர் பகிடி விடுவார். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டுவிட்டு இருப்பேன்.

கம்பஸில் இரண்டாம் வருடம் படித்தபோது தொடங்கிய பழக்கம் இது. மாரிக்காலம். மழை அடித்து ஊற்றியதால் பழைய விரிவுரைக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒதுங்கி நின்றேன். அவன் பின்னால் வந்தது எனக்குத் தெரியாது. இறுதி வருடத்துப் பொடியன். நான் புதிதாக வந்த நாட்களில் பகிடிவதை என்ற பெயரில் என்னை வெயிலில் நிறுத்தி, 'அண்ணை' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தவன். அதற்குப் பிறகு என் தொலைபேசி இலக்கத்தை எங்கேயோ தேடி எடுத்து மாதக்கணக்காகத் தொல்லை கொடுத்தவன். அன்றைக்கு என் பின்னலைப் பிடித்து வெறும் வகுப்பறை ஒன்றுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான்.

உள்ளே நடந்ததை விசாரணையில் ஒரு தடவை முழுதாகச் சொன்னேன். இங்கே சொல்லப்போவதில்லை. கேட்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க அது என்ன கோயில் திருவிழாக் கதையா? மழைக்குப் பயந்து ஓடிவந்த யாரோ கதவுக்கு வெளியே பெரிதாகச் சிரித்தார்கள், அவன் பிடி தளர்ந்தது, நான் ஓடினேன். இவ்வளவு போதும்.

அதற்குப் பிறகு அவன் இல்லாத இடமே இருக்கவில்லை. எங்கள் ஊர் புத்தூருக்குப் போகும் பஸ்ஸில் முன் சீற்றில் இருக்கிற யாரோ ஒருவரின் பிடரி அவனுடைய பிடரியாகிவிடும். வீட்டுக் கிணற்றடியில் குனிந்து முகம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சு கேட்கும். திரும்பிப் பார்த்தால் வாழை மரம் நிற்கும், அம்மா கட்டிய கொடியில் அப்பாவின் சேட் காயும். அந்தச் சேட்டைக் கண்டே ஒருநாள் அலறிவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்த வளவு அது, பட்டப்பகலில் அதற்குள் நடக்கப் பயந்தேன். பேய் பிடித்தவளைக் கோயிலுக்காவது கூட்டிக்கொண்டு போகலாம். எனக்குப் பிடித்தது உயிரோடு, சாப்பிட்டுக்கொண்டு, விரிவுரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

நான் போவதை நிறுத்திவிட்டேன். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. வரவு குறைந்தால் சோதனை எழுத விடமாட்டார்கள், அந்த வருடமே போய்விடும். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் படலைக்குள் முதன்முதல் காலடி வைத்தவள் நான். வெங்காயத் தோட்டம் செய்து கைத்தோல் உரிந்த அப்பா என் முகத்தைப் பாராமலே சொன்னார்.

"படிச்சது காணும் பிள்ளை. விட்டிட்டு வீட்டை இரு."

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு வீடுதான். ஆனால் அதென்ன நியாயம்? அவன் அங்கே படிப்பான், நான் இங்கே வெங்காயத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறவேணுமாம்!

என்னை இழுத்துக்கொண்டு போனவள் என் சிநேகிதி. வடமராட்சிக் கடலோரத்துப் பிள்ளை, அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகிய வீட்டில் வளர்ந்ததால் மெல்லக் கதைக்கத் தெரியாது. எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றுகொண்டு, "எடியே, வெளிக்கிடடி! அந்தக் கோதாரியில போவான் அங்கை காற்சட்டைப் பொக்கற்றுக்கை கைவிட்டுக்கொண்டு திரியிறான், நீ இஞ்சை மூலைக்கை குந்திக்கொண்டிருக்கிறியோ?" என்று கத்தினாள். பக்கத்து வளவுச் சனமும் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தோன்றியது.

மாணவ ஆலோசகராக இருந்தவர் ஒரு பெண் விரிவுரையாளர். முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும் மட்டும் அவன் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று ஒழுங்கு செய்தார். நான் திரும்பவும் வகுப்புக்குப் போகத் தொடங்கினேன், சிநேகிதி ஒரு பக்கம், சுவர் மறு பக்கம். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த நேரம்தான் அவனுடைய ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

வந்தவர் அவனுடைய பெரியப்பா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கூடவே இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள். அப்பா எழுந்து சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு அதிபரைக் கண்டால் எங்கள் ஊரில் முதுகு தானாக வளையும். நான் அறைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெரியப்பாதான் கதைத்தார்.

"பொடியனுக்கு இன்னும் ஒரே ஒரு சோதினைதான் இருக்கு. இளம் வயசு, பிழை விட்டிட்டான். ஒரு பிள்ளையின்ரை படிப்பைக் குழப்பின பாவம் எங்களுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். உங்கடை மகளுக்கும் நாளைக்கு ஒரு இடத்திலை கலியாணம் செய்யவேணுமெல்லே?"

அவனுடையது படிப்பு, என்னுடையது என்ன, வெங்காயத் தாளா? வெளியே பாய்ந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் குரலின் அடியில் அவன் குரல் கேட்டது. அதே இழுவை, அதே மூக்கொலி. கதவைப் பிடித்தபடி நின்றேன்.

அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதை ஓய்ந்தபோது பெரியப்பாக்காரன் அம்மாவைப் பார்த்து, "பிள்ளை, தொண்டை வறளுது. ஒரு மிடறு தண்ணி தாங்கோ" என்றார்.

எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இதன் பொருளை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோபமானவர்கள் வீட்டில் நாங்கள் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கமாட்டோம். செத்த வீட்டுக்குப் போனால்கூட முற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்த வீட்டில் வாய் நனைத்தால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம், அதற்குப் பிறகு யாரும் பழசைக் கிளறக்கூடாது. அந்த மனிதருக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டார். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் வயது போனவர் தாகம் என்று கேட்டுவிட்டாரே! வெறும் தண்ணீரைக் கொடுத்தால் மரியாதையில்லை என்று தேத்தண்ணி ஊற்றி, பனங்கட்டியும் வைத்து, தட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூவரும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் சிநேகிதி தொலைபேசியில் கத்தினாள். "எடியே, உங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடுத்தவையாமே! எல்லாம் சமாதானமாம், நீ முறைப்பாட்டை எடுக்கிறியாம். கம்பஸ் முழுக்க உதுதான் கதை. உவன் வந்து கன்ரீனிலை இருக்கிறான்!"

கன்ரீனில் இருக்கிறான். அந்தச் சொல் காதுக்குள் விழுந்ததும் நான் திரும்பவும் அந்த வகுப்பறைக்குள் நின்றேன். நனைந்த சுவரின் மணம் மூக்கில் ஏறியது. தொலைபேசியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவைப் பிடித்தேன்.

"உங்களுக்கென்ன விசரே அம்மா? ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"நான் என்னடி செய்ய? கிழவன் வாய்விட்டுக் கேட்டது. வாசலுக்கு வந்த சனத்தை வறண்ட வாயோடை அனுப்புறதோ?"

"அவன் என்னைக் கொலை செய்திருந்தாலும் குடுத்திருப்பியள்!"

அம்மா அடுப்பு வாசலில் இருந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு பாத்திரம் மிஞ்சாமல் போட்டு உடைத்திருப்பேன், கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியால் தப்பின.

மறுநாள் ஆலோசகரின் அறைக்குப் போனபோது அவரும், "வீட்டிலை கதைச்சு முடிச்சிட்டியளாமே" என்றுதான் தொடங்கினார். நான் மேசையில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். "மிஸ், முறைப்பாடு குடுத்தது நானோ, என்ரை அம்மாவோ?"

அவர் எழும்பிக் கதவைத் திறந்தே விட்டுவிட்டு, எனக்குச் சுவரோரமாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "நீங்கள்தான். நீங்கள் உங்கடை வாயாலை வேண்டாம் எண்டு சொன்னால் ஒழிய அது நிக்காது. அப்பா வந்து சொன்னாலும் சரி, ஆர் வந்து சொன்னாலும் சரி."

அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்தேன். விசாரணையில் அவனும் நானும் ஒரே அறையில் இருக்கத் தேவையில்லை. எனக்கு நம்பிக்கையானவர்களைப் பக்கத்தில் வைத்திருக்கலாம். பொலிசுக்குப் போவதும் போகாததும் என் முடிவு, கம்பஸ் விசாரணை அதைத் தடுக்காது. போனால் தமிழிலேயே வாக்குமூலம் கொடுக்கலாம், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்து வைக்கவேண்டும். ஆசுப்பத்திரியில் இப்படியானவர்களுக்கென்றே இருந்து கதைக்க ஆட்கள் இருக்கிறார்கள். காசில்லாமல் வழக்குப் பேச சட்டத்தரணியும் கிடைப்பார். சோதனையைத் தனியாக எழுதவும் கேட்கலாம்.

"இவ்வளவும் இருக்கெண்டு நான் வந்த முதல் நாளே ஏன் சொல்லேல்லை மிஸ்?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்தான். "சொல்லியிருக்கவேணும்" என்றார் அவர். அதற்கு மேல் சாட்டுப்போக்குச் சொல்லவில்லை. அன்று பின்னேரமே அவனை வளாகத்திலிருந்து திரும்பவும் வெளியேற்றினார்கள்.

விசாரணைக்கு நானும் சிநேகிதியும் வெளிக்கிட்டபோது அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு படலையடியில் நின்றாள். நான் கூப்பிடவில்லை. அவளாகவே எங்களுக்குப் பின்னால் வந்து பஸ்ஸில் ஏறினாள். விசாரணைக் குழுவில் மூன்று பேர், அதில் ஒருவர் பெண். எங்களுக்கு முன்னரே அந்தப் பெரியப்பாக்காரன் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அவர்கள் வீட்டில் உபசரித்து அனுப்பினார்கள். இரு வீட்டாருக்கும் இடையில் மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது" என்று அவர் சொன்னதை வாசித்துக் காட்டி, உண்மையா என்று அம்மாவைக் கேட்டார்கள்.

அம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். இருந்தே சொல்லலாம் என்று அவர்கள் சொல்லியும் இருக்கவில்லை.

"ஓம் ஐயா, நான்தான் குடுத்தனான். தாகம் எண்டு கேட்டவர், குடுத்தன். நாளைக்கு வந்து கேட்டாலும் குடுப்பன், அது என்ரை வீட்டு வழக்கம். ஆனால் என்ரை பிள்ளைக்குச் செய்ததை நான் மன்னிக்கேலாது ஐயா. எனக்கோ செய்தவன்? அவளைக் கேளுங்கோ."

குழுவிலிருந்த பெண் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்கள் தொடர விரும்புறீங்களோ?"

"ஓம்" என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன். சிநேகிதி என் கையைப் பிடித்திருந்தாள். அம்மா நான் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் விலகவில்லை.

அவனை ஒரு வருடம் இடைநிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்து, வேறொரு மண்டபத்தில் தனியாகச் சோதனை எழுதி, அவனும் பட்டம் எடுத்தான். இப்போது எங்கேயோ நல்ல உத்தியோகத்தில் இருக்கிறானாம். நானும் என் வருடத்தை இழக்கவில்லை, பட்டம் எடுத்தேன், படிப்பிக்கிறேன். வென்றேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சில இரவுகளில் அவன் இன்னும் வருகிறான். வரட்டும், அறுவான். விடிந்தால் எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

போன மாரியில் சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் என்னை வழி மறித்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் மரக்கறிப் பை. என்னைவிட இரண்டு, மூன்று வயது கூட இருக்கும்.

"நீங்கள்தானே அந்த விசாரணைக்குப் போன பிள்ளை?"

இந்த ஊரில் ஒரு கதைக்கு வயது போகாது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, "ஓம், அதுக்கென்ன?" என்றேன்.

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "நான் அவன்ரை பாச், ஒரே வருசத்திலை சேர்ந்தனாங்கள். ரெண்டாம் வருசத்திலை படிப்பை விட்டிட்டுப் போனனான்."

நான் கம்பஸுக்குப் போன காலத்தில் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கெட்டிக்காரி, நல்ல சம்பந்தம் வந்ததால் படிப்பை விட்டுவிட்டாள் என்று சொல்வார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்களுக்கு நடுவில் அவன் வந்து நின்றான்.

"அவன்ரை ஆக்கள் எங்கடை வீட்டையும் வந்து கதைச்சவை. அப்பா ஓம் எண்டிட்டார்" என்றாள். "நான் அந்த ஆலோசகரின்ரை அறை வாசல் மட்டும் போனனான் தங்கச்சி. உள்ளுக்குப் போகேல்லை."

வெங்காயம் நிறுப்பவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் கிட்ட வந்தாள்.

"உள்ளுக்கை உங்களை இருக்கச் சொன்னவையோ?"

"ஓம் அக்கா."

"முழுக்கச் சொல்ல விட்டவையோ?"

"ஓம்."

"நம்பினவையோ?"

"ஓம் அக்கா. நம்பினவை."

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளை அவளுடைய தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.