கீழ்வீட்டில் கேட்ட கால்

மண்டலுயோங் நகரில், எங்கள் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் ரொவேனா குடியிருக்கிறாள். ஹோட்டல்களிலும் சுற்றுலாக் கப்பல்களிலும் பல வருடம் டிரம்ஸ் வாசித்தவள். கப்பல் வேலையை விட்டு வந்து கல்யாணங்களுக்கு வாசிக்க ஆரம்பித்தபோது, வீட்டில் பழகுவதற்கென்று எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினாள். "ஹெட்போன் மாட்டிக்கிட்டா பக்கத்து ரூம்ல தூங்குறவங்களுக்குக்கூடக் கேக்காது" என்று கடைக்காரன் சொல்லியிருந்தான்.

அந்த வாரமே வாசல் காவலர் மேலே வந்து நின்றார்.

"அக்கா, எட்டாவது மாடியில இருந்து புகார். இடிக்கிறீங்களாம்."

"நான் எங்கே இடிக்கிறேன்? இதோ, ரப்பர்தானே தட்டுறேன்!"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா அந்தத் தம்பி அழாத குறையாச் சொல்றாரு."

கீழே இருந்தவன் டெல்ஃபின். ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்களின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, காலையில் வந்து படுப்பவன். கட்டட விதிப்படி பகலில் வாசிக்கத் தடையில்லை. அவனுக்கோ பகல்தான் ராத்திரி.

ரொவேனா கம்பளம் விரித்தாள். புகார் வந்தது. குழந்தைகள் விளையாடுகிற ஸ்பாஞ்சு விரிப்பைக் கம்பளத்தின் அடியில் போட்டாள். மறுபடியும் வந்தது. அவள் புருஷன் எர்னானி இரண்டு பலகைகளுக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளை அடுக்கி மேடை ஒன்று செய்தான். ஏறி உட்கார்ந்ததும் ஆடியது.

"கரைக்கு வந்தும் கப்பல் விடலையே" என்று முனகிக்கொண்டே வாசித்தாள். காவலர் மறுபடியும் வந்து நின்றார்.

ரொவேனாவுக்குப் பொறுமை போய்விட்டது. நேராகக் கீழே இறங்கிக் கதவைத் தட்டினாள். கண் சிவந்து, தலை கலைந்து டெல்ஃபின் வந்தான்.

"இன்னும் என்னதான் தம்பி பண்ணச் சொல்றே? காத்துல தொங்கிக்கிட்டு வாசிக்கவா?"

"உள்ளே வந்து கேளுங்க அக்கா. அப்புறம் என்னைத் திட்டுங்க."

எர்னானிக்குப் போன் போட்டு, டிரம்ஸைக் காலால் வாசிக்கிற பெடலை மிதிக்கச் சொன்னாள். தலைக்கு மேலே 'தும்' என்றது. பிறகு 'தும் தும்'. பாட்டில்லை, வேறு ஓசையில்லை. யாரோ குதிகாலால் கூரையை உதைப்பதுபோல அது மட்டும். கட்டில் சட்டத்தில் கை வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அதிர்ந்தது.

"இப்படியா கேக்குது?"

"இன்னிக்கு மோசம். தாளமே இல்லை."

"அது என் புருஷன்."

"அதானே! நீங்கன்னா சரியா வரும். ஒரு இடத்துல மட்டும் தடுக்கும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பீங்க. அந்த இடத்தைத் தாண்டிட்டா தூங்கலாம்னு காத்துக்கிட்டே கிடப்பேன். நீங்க தாண்டவே மாட்டேங்கறீங்க."

அவளுக்கு முகம் எரிந்தது. மேலே வந்து, "எந்தக் கப்பல்லயும் எவனும் சொல்லாததை இவன் படுத்துக்கிட்டே சொல்றான்" என்று புருஷனிடம் பொரிந்தாள். அந்தக் கோபத்திலேயே மேடையைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தாள். பெடலின் முன்பக்கம் பலகையைத் தாண்டி நீண்டு, வழுக்காமலிருக்க அதில் வைத்திருந்த கூர்முனை வெறும் தரையில் ஊன்றியிருந்தது. மிதித்த மிதியெல்லாம் நேராகக் கீழே இறங்கியிருக்கிறது.

எர்னானி பெரிய பலகையாக மாற்றினான். "பாதி குறைஞ்சிருக்கு" என்றான் டெல்ஃபின். மீதிப் பாதி குறையவே இல்லை. கடைசியில் பேசி முடித்தார்கள்: பகலில் கை மட்டும், அவன் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பியபின் கால். ஆனால் கல்யாண விருந்துகளும் சாயங்காலம்தானே! வேலை இருக்கிற நாளில் அவளும் அப்போதே கிளம்ப வேண்டும். பகலில் தலையணையை மிதித்துப் பழகினாள். தலையணை திருப்பி உதைக்காது. கால் மந்தமானது.

அந்திபோலோவில் ஒரு கல்யாணத்தில் வேகமான பாட்டு ஒன்றுக்குக் கால் பின்தங்கியது. பாடுகிறவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ரொவேனாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போன வாரம் லிஃப்டில் டெல்ஃபினைப் பார்த்தாள். இன்னும் கண் சிவப்பாகத்தான் இருந்தது.

"இப்பவாவது தூங்குறியா?"

"சத்தமே இல்லை அக்கா. ஆனா நீங்க முன்னாடி மிதிச்ச நேரம் வந்தா தானா முழிப்பு வந்துடுது."

"எப்படியும் முழிச்சுத்தானே கிடக்கிறே. அப்ப வாசிக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம்!"

எட்டாவது மாடியில் அவன் இறங்கிக்கொண்டான். "தூங்கவும் மாட்டான், வாசிக்கவும் விடமாட்டான்" என்று ஒன்பதாவது மாடிவரை தனியாகத் திட்டிக்கொண்டே போனாள்.