எதிர்வீட்டு ஞானஸ்நானம்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் பழைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே சொந்த வீடு, தோட்டம் என்று வசதியாகத்தான் இருக்கிறோம். ஆனால் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு கதவு இல்லை. அந்த மாடிப்படியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரி கசகஸ்தானில் பிறந்து, பெரியவளான பிறகு மகனோடு இங்கே வந்த ஜெர்மன் வம்சத்துக்காரி. நான் மன்னார்க் கத்தோலிக்கச்சி. அவளுடைய ஜெர்மனைக் கேட்டு இங்கத்தையவர்கள் சிரிப்பார்கள். என்னுடையதைக் கேட்டுச் சிரிக்கக்கூட மாட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கியது. கோடை வந்தால் மாவைத் தட்டிப் பொரித்து, வத்தகப்பழத்தோடு, அதுதான் தர்ப்பூசணி, கொண்டுவருவாள். பொரித்த பண்டத்தோடு வத்தகப்பழமா என்று முதல் தரம் முகத்தைச் சுளித்தேன். அடுத்த தரம் தட்டோடு நானே போய் அவள் வாசலில் நின்றேன்.

எனக்கு மகள் பிறந்தபோது இவர் வேலையில். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவளும், பிள்ளையை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். ஆகவே பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்க அவளையே கேட்டேன். அவள் வேறு சபை என்று தெரியும். சுவாமியாரோடு கதைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தால், முகம் வெளிறி, ஏலாது என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் என்னை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினாள். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இந்த நாடுகளில் அவளுடைய ஆட்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம் என்றார்களாம். விசுவாசம் என்பது வளர்ந்தவன் தானாக வந்து கேட்பது என்றார்களாம். அதற்காக அவர்களை எரித்தார்கள், வெட்டினார்கள். தண்ணீர்தானே வேண்டும் என்று கேலி பண்ணி ஆற்றிலே அமிழ்த்திக் கொன்றார்கள். மிச்சப்பேர் நாடு நாடாக ஓடிக் கடைசியில் ரஷ்யா, கசகஸ்தான் வரைக்கும் போயிருக்கிறார்கள். கொன்றது யார் என்று கேட்டேன். எல்லாரும்தான், உங்கட ஆட்களும்தான் என்றாள்.

நான் விடுவேனா? அதே நூற்றாண்டில் மன்னாரில் எங்கள் ஆட்களை யாழ்ப்பாணத்து அரசன் வெட்டினான், ஞானஸ்நானம் பெற்றதற்காக என்றேன். எங்களுக்கும் வேதசாட்சிகள் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஒருத்தியின் ஆட்களுக்கு வேண்டாம் என்றதற்குச் சாவு, மற்றவளின் ஆட்களுக்கு வேண்டும் என்றதற்குச் சாவு. பிறகு அவள் எழும்பித் தேத்தண்ணி வைத்தாள். மகளின் ஞானஸ்நானத்துக்கு வந்து கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். விருந்தன்று சட்டி பானை முழுவதையும் கழுவியவளும் அவள்தான்.

அவளுடைய மகன் பாதி எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். புட்டும் மீன்குழம்பும் என்றால் கூப்பிடாமலே வருவான். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. அவர்களுடைய சபையில் கோடைதோறும் ஏரியில் ஞானஸ்நானம் நடக்கும். கேட்டு வருகிற இளம் ஆட்களை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பார்கள். இவனுக்குப் பதினெட்டு வயதான வருடம், கேட்பான் என்று அவள் வெள்ளைச் சட்டை வாங்கி அலுமாரியில் வைத்தாள். அவன் கேட்கவில்லை. அடுத்த வருடமும் கேட்கவில்லை. அவனோடு ஞாயிறு வகுப்பில் படித்த எல்லாரும் இறங்கி முடித்துவிட்டார்கள். அவள் சாப்பாடு குறைந்து கன்னம் ஒட்டிப் போனாள். பிள்ளையின் ஆத்துமத்தை நினைத்து அவள் அழுவது கதவைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

மூன்றாம் கோடை என்னையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காரை ஓட்டிக்கொண்டு வந்தவன் மகன்தான். ஆனால் கீழே கரைக்கு வராமல், மேலே நிறுத்திய காரடியிலேயே நின்றான். கரையில் சனம் பாடிக்கொண்டு நின்றது. நனைந்து ஏறி வந்த ஒவ்வொரு பிள்ளையையும் அவள் துவாயால் போர்த்தி, நெற்றியில் கொஞ்சினாள். பிறத்தியார் பிள்ளைகள். கடைசிப் பிள்ளையும் ஏறிவிட்டது. போதகர் இன்னும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வேறு யாரும் உண்டா என்று கரையைப் பார்த்துக் கேட்டார்.

அவள் கையில் ஒரு துவாய் மிச்சம் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து எங்கள் உடைந்த ஜெர்மனில் சொன்னேன்:

"அங்க நிக்கிறான். போய் ஒரு சொல் சொல்லு. நீ சொன்னால் கட்டாயம் கேட்பான்."

அவள் காரடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம், கேட்பான்," என்றாள். "அதாலதான் நான் சொல்லேல்லை."

போதகர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கரையேறினார். அவள் துவாயை மடித்துப் பைக்குள் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். நான் பின்னாலேயே போனேன், இப்போதாவது சொல்லிவிடமாட்டாளா என்று. மகனுக்குப் பக்கத்தில் போய் நின்று, பசிக்குதோ என்று மட்டும் கேட்டாள்.