டீசலுக்கு மாறிய ஜீப்

போன வாரம் நாமக்கல் பட்டறையில் எங்கள் ஜீப்பின் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, டிராக்டரில் இருக்குமே... அந்த மாதிரி டீசல் என்ஜின் ஒன்றை ஏற்றிவிட்டார்கள். ஏற்பாடு என் மகனுடையது. புலம்பல் வழக்கம்போல என்னுடையது.

“லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் குடுக்குதுன்னு தினமும் பாடுனது நீங்கதானுங்கப்பா?” என்றான்.

நான்தான். மறுக்கவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்றால், சாம்பாரே வேண்டாம் என்றா அர்த்தம்?

கழற்றிப் போட்டிருந்த பழைய என்ஜினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். நாலு சிலிண்டர். பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வால்வு தலையில். புகை வெளியே போகும் வால்வு விலாவில். இப்படி ஒரு கோணல் டிசைனை யார் யோசித்தார்களோ! ஓடை மணலிலும் உழுத காட்டிலும் முனகாமல் ஏறும். ஓரிடத்தில் நின்றால், என்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தனை அமைதி.

“இனிமே இந்த மாதிரி கிடைக்காதா?” என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

“விக்கிற விலைக்கு யாருங்க சாமி பெட்ரோல் ஊத்துவாங்க? இது எடைக்குத்தான் போகுமுங்க.”

எடைக்கு!

அந்த அமைதி எனக்கு ஏன் பெரிது என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பதினோரு பேர். ஆறு கதவுகள் — எதையும் சாத்துகிற வழக்கமில்லை. எழுபதுகளில் ஜீப் வந்த பிறகுதான் நானும் என் மனைவியும் மனம்விட்டுப் பேசவே ஆரம்பித்தோம். மாதம் ஒருமுறை ஜலகண்டாபுரத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போவோம். ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பிப்பாள். பெண்ணுக்குப் பார்த்த வரன் பிடிக்கவில்லை என்றது, என் தம்பியோடு பாகம் பிரிக்க வேண்டாம் என்று அழுதது... எல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை டீசல் ஜீப்பில் முதல் பயணம். கண்ணாடி, சீட், என் பல் செட் — எல்லாம் ஆடின. தாரமங்கலம் தாண்டியதும் அவள் ஏதோ சொன்னாள்.

“என்னது?”

மறுபடியும் சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது.

“மழையா?” என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். அப்பா... என்ன நிசப்தம்! அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

“இப்பச் சொல்லு.”

முந்தானையைச் சரிசெய்தாள். எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லீங்க.”

“ரெண்டு தடவை சொன்னியே?”

“இப்பிடி மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்தா எப்பிடீங்க சொல்றது? ஓடற வண்டியில வர்ற பேச்சு நிறுத்துனா வருமுங்களா? எடுங்க, தங்கச்சி காத்துட்டிருப்பா.”

எடுத்தேன். ஜலகண்டாபுரம் வரைக்கும் டீசல் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. திரும்பும்போதும் அதுவேதான் பேசியது.

என்ன சொல்ல வந்தாள்? அன்றிலிருந்து அதே யோசனை. வீட்டில் கேட்கலாம்தான்... அத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது?

வண்டியில் ஒரு வார்த்தை பேச முடியவில்லையே என்று மகனிடம் சொன்னேன்.

“சைலன்சரை மாத்திப் பாக்கலாமுங்கப்பா” என்கிறான்.